சந்திரதால்: மெதுவாக ஏறிய ஆறு நாட்கள்

முதல் நாள்: சண்டிகர் – மணாலி

விடியற்காலை நான்கு மணிக்குச் சண்டிகரில் வண்டியை எடுத்தோம். நான், அக்கா, மச்சான், மூன்றே பேர். அவர்கள் இருவரும் ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி முந்தாநாள்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மலை என்றால் கொடைக்கானல் வரை பார்த்தவர்கள். அக்காவுக்கு ஐம்பது வயது. "புல்வெளி, ஏரி, டென்ட்டுன்னு போன்ல காட்டிக்கிட்டே இருந்தா எப்படி, ஒரு தடவை கூட்டிட்டுப் போ" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்றைய நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல சாலை, நிறையச் சுரங்கங்கள், பியாஸ் ஆறு. மதியம் மணாலி. முக்கியமான வேலை இரண்டு. ஒன்று, டேங்க்கை நிரப்பி, கூடவே ஒரு கேனிலும் டீசல் பிடித்துக்கொண்டது. மணாலியை விட்டால் நாங்கள் போகும் பாதையில் காஜா வரை பெட்ரோல் பங்க் கிடையாது. இரண்டாவது, ஸ்டெப்னியில் காற்றைச் சரிபார்த்தது. ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கு நினைவே இருக்காது.

திட்டம் இது: சிஸ்ஸு, சத்ரு, பாதல், அப்புறம் இமாச்சலத்தின் சந்திரதால் ஏரிக்கு அருகே உள்ள புல்வெளியில் இரண்டு இரவு. அங்கிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் காஜா. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். சந்திரதால் 4,250 மீட்டருக்கு மேல். இந்த இரண்டுக்கும் நடுவே சாலைத் தூரம் 120 கிலோமீட்டருக்குள்தான். ஒரே நாளில் ஏறிவிடலாம், ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வண்டி ஏறுகிற வேகத்துக்கு ரத்தம் பழகாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. அதை ஏறக்குறைய ஒட்டித்தான் இத்தனை நிறுத்தங்கள்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எனக்கும் மச்சானுக்கும் வாங்கியாயிற்று. அக்காவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதால் அவளுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு நிதானம் ஒன்றுதான் மருந்து.

இரண்டாம் நாள்: மணாலி – சிஸ்ஸு

இன்று ஓட்டியது வெறும் 40 கிலோமீட்டர் சொச்சம். காலை பத்து மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்குள் வந்துவிட்டோம்.

அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர் நீளம். 2020 அக்டோபர் 3 அன்று திறந்தார்கள். அதற்கு முன்பு லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோஹ்தாங் கணவாயைத்தான் ஏறித் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் கணவாய் பனியில் மூடிக்கொண்டால் லாஹௌல் மக்கள் மாதக்கணக்கில் வெளியுலகத்தோடு தொடர்பில்லாமல் இருந்தார்கள். பிரசவத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் கிடந்த ஊர்கள் அவை. ஆகவே இந்தச் சுரங்கத்தை வெறும் சுற்றுலா வசதியாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

உள்ளே போகும்போது மணாலிப் பக்கம் தேவதாரு மரங்கள், தூறல், மேகம். வெளியே வந்தால் மொட்டை மலையும் நீல வானமும். மழை மேகத்தை நடுவில் இருக்கும் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. இந்தப் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். அக்கா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "ஒரு பொட்டுத் தண்ணி இல்லையே" என்றாள்.

சிஸ்ஸுவில் வண்டியை விட்டு இறங்கியதும் கீழே சந்திரா ஆறு. இதன் கதையை மச்சானுக்குச் சொன்னேன். பாரலாச்சா கணவாயின் ஒரு பக்கம் சந்திரா பிறக்கிறது, இன்னொரு பக்கம் பாகா. இரண்டும் ஆளுக்கொரு திசையில் ஓடி, மலையைச் சுற்றி வந்து, தாண்டி என்ற இடத்தில் சேர்கின்றன. சேர்ந்ததும் சந்திரபாகா, கீழே போகப் போக அதுவே செனாப். இனி மூன்று நாளும் நாங்கள் இந்தச் சந்திராவை எதிர்த்துத்தான் மேலே போகப்போகிறோம்.

"நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு நாளா மாப்ள? நம்ம ஊர்ல இதுக்கு டீ குடிக்கக்கூட நிறுத்த மாட்டோமே" என்றார் மச்சான். சாயங்காலம் ஊருக்கு மேலே ஒரு சின்ன ஏற்றம் ஏறிவிட்டு வந்தோம். பாதி வழியில் அவரே இடுப்பில் கை வைத்து நின்றார். அதற்கப்புறம் நிறுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு, இறங்கி வந்து தூங்குவது உடம்புக்கு நல்லது.

மூன்றாம் நாள்: சிஸ்ஸு – சத்ரு

சிஸ்ஸுவிலிருந்து வந்த வழியே சுரங்க வாயில்வரை திரும்பி, அதைத் தாண்டி கோக்சர், அப்புறம் கிராம்ஃபூ. ரோஹ்தாங்கிலிருந்து இறங்கும் பழைய சாலை இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து பிரியும் ஸ்பிதி பாதைக்குத் தேசிய நெடுஞ்சாலை 505 என்று பெயர். எண்ணைப் பார்த்துத் தார்ச்சாலையைக் கற்பனை செய்துவிட வேண்டாம். சரளைக்கல், உருண்டைப் பாறை, சேறு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. 17 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. டயரில் காற்றை லேசாகக் குறைத்துக்கொண்டேன். கல்லின் மேல் டயர் கொஞ்சம் அமுங்கினால் பிடிமானமும் கிடைக்கும், முதுகும் தப்பிக்கும்.

"சத்ருன்னா நம்ம பக்கம் பகையாளி. இதுக்கு யாரு இந்தப் பேரு வச்சது?" என்று அக்கா கேட்டாள். வந்து பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். சுமார் 3,350 மீட்டரில் ஆற்றோரம் அகன்ற ஒரு சமதளம், நான்கைந்து தாபாக்கள், சில கூடாரங்கள். ஹம்டா கணவாயை நடந்து கடந்து வருகிறவர்கள் இறங்கும் இடம் இது. முதுகில் மூட்டையோடு வந்த பையன்கள் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சொந்தக் கூடாரத்தை முதல்முறையாக இங்கே விரித்தோம். புல் இருந்த இடத்தை விட்டு, சரளை இருந்த இடத்தில். மச்சானுக்கு முதலில் புரியவில்லை. மெத்தென்று புல் இருக்கும்போது ஏன் கல்லில் படுக்க வேண்டும்? மேலே போனதும் காட்டுகிறேன் என்றேன்.

ராத்திரி முழுக்க ஆற்றின் இரைச்சல். அதற்குள்ளேயே அவ்வப்போது 'கடக்' என்று ஒரு சத்தம். வெள்ளம் பாறையை உருட்டிப் போகிற சத்தம் அது. பகலில் கேட்காது.

நான்காம் நாள்: சத்ரு – பாதல் – சந்திரதால்

காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். காரணம் நாலாக்கள். பனியாற்றிலிருந்து வரும் ஓடைகளை இங்கே நாலா என்கிறார்கள். பாலம் கிடையாது, சாலைமேலேயே ஓடும். இரவுக் குளிரில் மேலே பனி உருகுவது நின்றுவிடும் என்பதால் விடியற்காலையில் தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் அதே ஓடை பாதிச் சக்கரத்தை மூழ்கடிக்கும். காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால் சாயங்காலம் மூன்று மணி நேரம் கரையில் காத்திருக்க வேண்டி வரும்.

மூன்றாவது நாலாவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெளுப்பு. பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவருவதால் அந்த நிறம். ஆகவே அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மச்சான் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கூடாரக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். வயலில் வரப்பு பார்த்து நடந்தவர், தண்ணீரில் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வைத்தார், தூக்கி வைக்கவில்லை. நடுவில் நின்று கம்பை ஊன்றி இடது பக்கம் கை காட்டினார்: அங்கே ஒரு பெரிய பாறை மறைந்திருந்தது. கரை ஏறியபோது அவர் கால் இரண்டும் சிவந்து, விரல்கள் அசையவில்லை. "தண்ணியில்ல மாப்ள இது, கத்தி" என்றார்.

நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முதல் கியரில், கிளட்ச்சைத் தொடாமல், ஒரே சீரான வேகத்தில் அவர் காட்டிய வழியே ஓட்டினேன். நடுவில் கியர் மாற்றவோ ஆக்சிலரேட்டரை விடவோ கூடாது; வண்டி நின்றால் சக்கரத்தடிக் கல்லைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். முன்சக்கரம் ஏறி இறங்கி, வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து, அப்புறம் அக்கரை. அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை என்று பிறகுதான் சொன்னாள்.

சோட்டா தாராவைத் தாண்டியதும் ஆற்றுக்கு எதிர்க்கரையில் பாரா ஷிக்ரி பனியாற்றின் முகப்பு வருகிறது. இமாச்சலத்தின் மிகப் பெரிய பனியாறு இது, நீளம் 27 கிலோமீட்டர் போல. ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் வெள்ளையாக எதுவும் தெரியாது. மண்ணும் பாறையும் மேலே மூடியிருப்பதால் வெறும் கல்மேடு மாதிரிதான் இருக்கும்.

பாதல் வந்தபோது மணி பதினொன்று. சுமார் 3,950 மீட்டர். ஒரு பாலம், ஒன்றிரண்டு தாபா, அவ்வளவுதான் ஊர். கல்லை அடுக்கிக் கட்டிய தாபாவில் சுடச்சுட ராஜ்மாவும் சோறும். பனியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை உள்ளே அழைத்துப் படுக்க வைத்து, நாள்கணக்கில் சோறு போட்ட அடுப்பு இது என்று இந்தப் பாதையில் ஓட்டும் எல்லோரும் சொல்வார்கள்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். திட்டப்படி இன்றிரவு பாதலில் தங்க வேண்டும். வானம் துளி மேகமில்லாமல் இருந்தது. மூவருக்கும் தலைவலி இல்லை. "இன்னும் பதினாலே கிலோமீட்டர்தான், வெயில் இருக்கும்போதே ஏரியைப் பார்த்துடலாமே" என்று நான்தான் சொன்னேன். அக்காவோ மச்சானோ அவசரப்படவில்லை.

பாதலைத் தாண்டிக் குன்சும் பாதையிலிருந்து இடப்பக்கம் பிரியும் அந்தப் பதினாலு கிலோமீட்டர் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். நாங்கள் இரண்டு முறை ஒதுங்கினோம்.

கூடாரங்கள் எல்லாம் ஏரிக்குச் சில கிலோமீட்டர் முன்பே. ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை. 2005-ல் சந்திரதாலை ராம்சார் சதுப்புநிலமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக அறிவித்தார்கள். முன்பு கரையிலேயே தங்கி, அங்கேயே பாத்திரம் கழுவிக் குப்பையும் போட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தத் தடை வேண்டியதுதான். கூடாரம் போட ஒதுக்கிய இடத்திலேயே ஒரு முகாம்காரரிடம் கேட்டு, அவருடைய கூடாரங்களுக்குப் பக்கத்தில், சரளைத் தரையில் எங்களுடையதை விரித்தோம்.

வண்டி போகும் கடைசி இடத்திலிருந்து ஏரிக்கு நடக்க வேண்டும். கடைசி மேட்டை ஏறும் வரை ஏரி கண்ணில் படாது. பட்டதும் மூவரும் பேசவில்லை. பிறைநிலா வடிவம் என்பதால்தான் சந்திரதால் என்று பெயர். எனக்கு வடிவத்தைவிட நிறம்தான் பிடிபடவில்லை: கரையோரம் பச்சை, நடுவில் மயில் கழுத்து, மேகம் ஒன்று கடந்தபோது ஈயம். யுதிஷ்டிரரை இந்திரன் தன் தேரில் ஏற்றிக்கொண்டது இங்கிருந்துதான் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். அக்கா குனிந்து தண்ணீரை நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டாள்.

ராத்திரி சமையல் குக்கரில். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் பருப்பு லேசில் வேகாது. கேஸ் டின்னை மாலையிலேயே ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாது, அடுப்பு எரியாது. காலையில் காபி வேண்டுமானால் டின்னோடு தூங்கத்தான் வேண்டும்.

அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். களைப்பு என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள்: சந்திரதால் புல்வெளி

கூடாரத்தின் உட்புறமெல்லாம் எங்கள் மூச்சு உறைந்து வெண்பொடியாக ஒட்டியிருந்தது. தட்டினால் முகத்தில் உதிர்ந்தது. வெளியே புல் ஒவ்வொன்றும் வெள்ளை விளிம்போடு நின்றது.

அக்கா, "லேசா தலை பாரமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்சிமீட்டரில் மச்சானுக்கு 86, எனக்கு 84, அவளுக்கு 79. தண்ணீர் குடிக்க வைத்து, இன்று நடக்காமல் வெயிலில் உட்கார்ந்திரு என்றோம். உயர நோயில் லேசான தலைவலி இருந்தால் அதே உயரத்தில் ஓய்வெடுக்கலாம், மேலே ஏறக்கூடாது; கூடினால் உடனே இறங்க வேண்டும். காஜாவுக்குப் போக 4,551 மீட்டர் குன்சுமைத் தாண்ட வேண்டும். அது அப்போதே சந்தேகம் என்று மனதுக்குள் தோன்றிவிட்டது.

நானும் மச்சானும் பக்கத்துப் புல்வெளியில் நடந்தோம். செப்டம்பர் முதல் வாரம். பூக்காலம் முடிந்து, புல் நுனியிலிருந்து செம்பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. சில இடங்களில் மட்டும் தரையோடு தரையாக நீல ஜென்ஷியன் பூ. வெயில் பட்டால் விரிகிறது, மேகம் வந்தால் சுருட்டிக்கொள்கிறது. ஒரு பூவின் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் இரண்டு முறை மூடித் திறந்தது.

அப்புறம் மச்சானுக்குக் காட்டுகிறேன் என்று சொன்னதைக் காட்டினேன். சரிவில் இரண்டு கோடுகள். என்றோ ஒரு வண்டி சாலையை விட்டு இறங்கி, ஏரி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுப்பதற்காகப் புல்மேல் ஏறி வந்த தடம். இந்தப் புல் வளர்வதற்குக் கிடைப்பது வருடத்தில் நான்கு மாதம்கூட இல்லை. மீதி நாளெல்லாம் பனிக்கடியில். மேலே மெத்தையாகத் தெரிவது வேர்கள் பின்னிய நாலு விரற்கடைப் படலம். அதற்குக் கீழே மணலும் கல்லும். சக்கரம் அந்தப் படலத்தைக் கிழித்துவிட்டது. பனி உருகிய தண்ணீர் அந்தக் கிழிசலில் இறங்கி ஓடி, தடம் இப்போது வாய்க்கால். நான் விரலை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. ஓரத்தில் வேர்கள் நார்நாராகத் தொங்கின, கிழிந்த சாக்கு மாதிரி.

மச்சான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் கல்லுல படுக்கச் சொன்னியா" என்றார்.

கூடாரமும் அதைத்தான் செய்கிறது, மெதுவாக. ஒரே இடத்தில் ஒரு பருவம் முழுக்கக் கூடாரம் நின்றால் அடியில் இருக்கும் புல் வெளுத்து அழுகிவிடும். உத்தராகண்டில் இந்த மாதிரி உயரமான புல்வெளிகளைப் புக்யால் என்பார்கள். 2018 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதையே தடை செய்து, பகலில் வருகிறவர்களையும் 200 பேருக்குள் வைக்கச் சொன்னது. கூடாரம் போட்டு வாழ்கிற பலருக்கு அதனால் பிழைப்பு போனது, அந்த வலியும் உண்மை. இருந்தும் அந்த வாய்க்காலில் கையை விட்ட பிறகு நீதிமன்றம் சொன்னதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே வண்டியில் வருகிற நம்மிடம் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: சாலையை விட்டு இறங்காதே, கல்லில் படு, கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துப் போ.

மதியம் வாக்கில் ஆட்டு மந்தை ஒன்று வந்தது. கத்தி (Gaddi) என்ற மேய்ப்பர் இனத்தவர். குளிர்காலத்தில் காங்ராவின் தாழ்ந்த மலைகளில் இருப்பவர்கள், கோடையில் கணவாய்களைத் தாண்டி ஆடுகளை இந்தப் பக்கம் ஓட்டி வருகிறார்கள். பெரியவர் ஒருவர், இடுப்பில் கம்பளிக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். கூட இரண்டு நாய்கள், ஒன்றின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க.

மச்சானுக்கு இந்தி தெரியாது. அந்தப் பெரியவருக்கும் இந்தி இரண்டாம்பட்சம். ஆனால் மச்சான் வளர்ந்தது ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடும் வயல்களின் நடுவே. ஒரு ஆட்டின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே நான்கு விரலைக் காட்டினார். மச்சான் சரியென்று தலையாட்டினார். அப்புறம் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். எந்தக் குடும்பம் எந்தப் புல்வெளியில் மேய்க்கலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வருவது, வனத்துறை அனுமதிச் சீட்டும் உண்டு என்றார். ஒரே இடத்தில் அதிக நாள் நிற்பதில்லை. புல்லை மொட்டையடிப்பதற்குள் அடுத்த சரிவுக்கு நகர்ந்துவிட வேண்டும். இன்னும் சில நாளில் கீழே இறங்கிவிடுவார்களாம். "நேற்று ராத்திரி காற்று மாறிவிட்டது" என்றார்.

"நம்ம ஊர்ல ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்னு சொல்லுவாங்கன்னு சொல்லு மாப்ள" என்றார் மச்சான். என் இந்தியில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, பெரியவர் மந்தை நேற்றுப் படுத்திருந்த இடத்தைக் காட்டினார். அந்த வட்டம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சை.

அக்கா பக்கத்திலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் காவி நிறத்தில் இரண்டு பறவைகள், எப்போதும் சேர்ந்தே. சக்கரவாகம் என்றேன். "பிரிஞ்சா புலம்பும்னு பாட்டுல வருமே, அதுவா? இது நெசமாவே இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாளில் அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தாள். தலைவலி கூடிவிட்டது, மாத்திரைக்குக் கேட்கவில்லை. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னேன். தள்ளாடாமல் நடந்தாள். உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தால் தவறும் முக்கியமான விஷயங்கள் இவை. இரண்டில் ஒன்று தவறியிருந்தால் இருட்டில் எவ்வளவு ஆபத்தானாலும் இறங்கியிருப்போம். முகாம்காரர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்து, தானே முகமூடியை மாட்டிவிட்டு, விடியும்வரை மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்தார். 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் இங்கே 250-க்கும் மேற்பட்டவர்கள் பல நாள் மாட்டிக்கொண்டதைப் படித்திருந்தேன். அந்த ராத்திரி வானத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நட்சத்திரங்கள் தெளிவாக இருந்தன.

மச்சான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். பாதலில் ஓர் இரவு தங்கியிருந்தால் இது வந்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். "இப்ப அதையா பேசுவ? காலையில வண்டியை நல்லா ஓட்டு, போதும்" என்றார்.

ஆறாம் நாள்: சந்திரதால் – சத்ரு – சிஸ்ஸு

வெளிச்சம் வந்ததும் கூடாரத்தைச் சுருட்டினோம். பிரிவுச் சாலையில் இடது பக்கம் குன்சும், காஜா. வலது பக்கம் பாதல். அக்கா பின்சீட்டில் படுத்தபடியே, "என்னால உங்க ரெண்டு பேருக்கும் காஜா போச்சு" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. வண்டி வலது பக்கம் திரும்பியது.

நாலாக்கள் எல்லாம் அந்நேரத்துக்கு வற்றிக் கிடந்தன. மச்சான் மூன்றிலும் இறங்கி நடந்துதான் கை காட்டினார்.

சத்ருவுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பு அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டாள். சுமார் 900 மீட்டர் இறங்கியிருந்தோம். ஆக்சிமீட்டரில் 88. சத்ருவில் தாபா வாசலில் வெயிலில் உட்காரவைத்து டீ கொடுத்தோம், ஒரு டம்ளரை முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

மதியம் சிஸ்ஸு. முதல்முறை தங்கிய அதே அறை. சாமான்களை இறக்கும்போது சந்திரதாலில் காலியாக்கி மூடி போட்டு வைத்த தண்ணீர் பாட்டில் கையில் கிடைத்தது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்று அழுத்தி, பாட்டில் நான்கு பக்கமும் உள்ளே நசுங்கியிருந்தது. மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது.

"அதைத் திறந்தியா?" என்றாள் அக்கா. "அந்த ஏரிக் காத்து இருந்துச்சுடா அதுல."

இன்னொரு பாட்டில் இருந்தது. அதைத் திறக்காமல், நசுங்கினது நசுங்கினபடியே, தன் பைக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். நாளைக் காலை மணாலி. அடுத்த வருடம் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று மச்சான் இப்போதே கேட்கிறார். பாதலில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் வருகிறேன் என்கிறாள் அக்கா.